நீராவி எஞ்சினுக்கு எந்த எரிபொருள்? பாய்லரை மூடுவதற்கு முன் எடுக்கவேண்டிய முடிவு

பழைய நீராவி எஞ்சினை மீட்டெடுக்கும் குழுக்களில் எரிபொருள் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் எழும். பாய்லருக்குள் சூடான புகை செல்லும் ட்யூப்களைப் புதிதாகப் போட்டு, நிலக்கரி எரியும் கிரேட்டின் கம்பிகளை வார்த்து, சாம்பல் தட்டையும் பொருத்திய பிறகு "சரி, நிலக்கரி எங்கே கிடைக்கும்?" என்று யாராவது கேட்பார். அதற்குள் பாதி வழிகள் அடைபட்டிருக்கும். எண்ணெய்க்கு மாறுவதென்றால் அந்தக் கிரேட்டும் தட்டும் வீண். நிலக்கரியில் நிற்பதென்றால், கிடைக்கும் நிலக்கரிக்கு அந்தக் கிரேட்டின் காற்று இடைவெளி பொருந்தாமல் போகலாம்.

வேலையை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். எந்த எரிபொருள் நல்லது என்ற விவாதம் மூன்றாம் படியில்தான் தொடங்குகிறது. முதலிரண்டு படிகளை ஒழுங்காக முடித்தாலே பல வழிகள் தாமாகக் கழிந்துவிடும்.

1. எஞ்சின் செய்யப்போகும் வேலையை எண்ணாக எழுதுங்கள்

ஆண்டுக்கு எத்தனை நாள் தீ மூட்டப்போகிறீர்கள், ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர், மிகக் கடுமையான ஏற்றம் எது, பெட்டிகளின் மொத்த எடை என்ன, நிலையங்களில் சும்மா நிற்கும் நேரம் எவ்வளவு, பாதையின் இருபுறமும் என்ன இருக்கிறது? இவ்வளவும் ஒரே தாளில் வரவேண்டும். கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த புல்லும் ஊசியிலைக் காடும் உள்ள பாதையில் அதுவே தீர்ப்பைச் சொல்லிவிடும்.

அடுத்தது நீராவிக் கணக்கு. நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் இல்லாத எஞ்சின், சிலிண்டரில் ஒரு கிலோவாட்-மணி வேலை செய்ய ஏறக்குறைய 15 முதல் 17 கிலோ நீராவி தின்னும். சூப்பர்ஹீட்டர் இருந்தால் 10 முதல் 12 கிலோ போதும். சராசரியாக 200 கிலோவாட் வேலை செய்யும், சூப்பர்ஹீட்டர் இல்லாத எஞ்சின் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 3,000 கிலோ நீராவி வேண்டும். ஒரு கிலோ நல்ல நிலக்கரி நடைமுறையில் 6 முதல் 8 கிலோ நீரை ஆவியாக்கும். 6.5 என்று எடுத்தால் மணிக்குச் சுமார் 460 கிலோ. ஒரு கிலோ எண்ணெய்க்கு 10.5 கிலோ நீர் என்று எடுத்தால் சுமார் 285 கிலோ.

தீ மூட்டுவதற்கென்று தனிச் செலவு உண்டு. 4 டன் நீரும் 15 டன் இரும்பும் கொண்ட பாய்லரைக் குளிர்ந்த நிலையிலிருந்து 10 பார் அழுத்தம் வரை, அதாவது 184 டிகிரி செல்சியஸ் வரை, கொண்டுவர ஏறக்குறைய 4 கிகாஜூல் வெப்பம் தேவை. பாதி வெப்பம் புகைபோக்கி வழியே போய்விடும் என்பதால் 250 முதல் 300 கிலோ நிலக்கரி இதற்கே ஆகும். சக்கரம் அதுவரை ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது. ஒரு நாளில் 5 கிலோமீட்டர் மட்டும் ஓடும் எஞ்சினுக்கு எரிபொருளின் பெரும்பகுதி மூட்டுவதிலேயே போகிறது. நாள் முழுக்க ஓடும் எஞ்சினுக்கு இது சில்லறைக் கணக்கு.

2. பாய்லர் கோப்பைப் படியுங்கள்

தீ, அது எரியும் அறையான ஃபயர்பாக்ஸின் எந்தப் பகுதியில் அடிக்கும் என்பது எரிபொருளைப் பொறுத்தது. நிலக்கரியில் தணல் படுக்கை கிரேட் முழுக்கப் பரவி, பக்கத் தகடுகள் ஓரளவு சீராகச் சூடாகும். எண்ணெயில் தீ ஒரே நாக்காக நீள்வதால், அது தொடும் இடத்தில் தகடு கடுமையாகச் சூடேறும். ஆகவே தகட்டுத் தடிமன் வரைபடம் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள். ஃபயர்பாக்ஸ் தகட்டை வெளித்தகட்டோடு பிணைப்பவை ஸ்டே போல்ட்டுகள்; அல்ட்ராசோனிக் கருவியால் அவை ஒவ்வொன்றுக்கும் இடையே அளந்து, கட்டம் போட்ட தாளில் குறித்து வாங்குங்கள். பக்கத் தகட்டின் கீழ் வரிசைகள், ட்யூப்கள் நுழையும் ட்யூப் தகடு, ஃபயர்பாக்ஸின் அடியைச் சுற்றியுள்ள அடிவளையம் ஆகிய மூன்றையும் கூர்ந்து பாருங்கள்.

ஃபயர்பாக்ஸ் செம்பா, எஃகா என்பதும் முக்கியம். சூடேறச் சூடேறச் செம்பு வலுவிழக்கும். எண்ணெய்த் தீ நேராகப் படுகிற செம்புத் தகடு ஸ்டேக்களுக்கு இடையே புடைக்கத் தொடங்கும். செம்பு ஃபயர்பாக்ஸில் எண்ணெய் ஓட்டவே முடியாது என்றில்லை. தீச்செங்கல் மறைப்பை உயரமாகக் கட்டி, எண்ணெயைத் தெளித்து எரிக்கும் பர்னரைச் சிறிதாக வைக்கவேண்டும்.

தடிமன் குறைந்தபட்ச அளவை நெருங்கியிருந்தால், அழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம் என்று யோசனை வரும். 10 பாரை 7 ஆக்கினால் இழுவிசையும் 30 சதவீதம் குறையும். முதல் தாளில் எழுதிய ஏற்றத்தை அந்த இழுவிசையில் ஏறமுடியுமா என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். பாய்லர் தேறவே தேறாது என்றால் நேராக 7ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

அமெரிக்க விதிப்படி பாய்லரை 1,472 சேவை நாள் அல்லது 15 ஆண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது முழுமையாகத் திறந்து பார்க்கவேண்டும். மற்ற நாடுகளில் கெடு வேறாக இருக்கும். எதுவானாலும் எரிபொருள் மாற்றத்தை அந்தத் திறப்போடு சேர்த்துச் செய்யுங்கள். இடையில் செய்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்கவேண்டி வரும்.

3. நிலக்கரி என்றால் பகுப்பாய்வுத் தாளைக் கேளுங்கள்

"ஸ்டீம் கோல்" என்ற பெயரை நம்பி வாங்கி ஏமாறுவது இந்தத் துறையின் மிகப் பழைய கண்ணி. மின்நிலையத்துக்கு அரைத்துப் போடும் நிலக்கரிக்கும் அதே பெயர் சொல்வார்கள். ஒவ்வொரு லோடுக்கும் ஆய்வுக்கூடச் சான்று கேளுங்கள். வெப்ப மதிப்பு கிலோவுக்கு 30 மெகாஜூலுக்குக் குறையாமலும், சாம்பல் 8 சதவீதத்துக்குள்ளும், கந்தகம் 1 சதவீதத்துக்குள்ளும் இருப்பது நல்லது. கட்டியின் அளவு 50 முதல் 150 மில்லிமீட்டர். தூள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். தூள் பாதி எரிந்த நிலையில் புகைபோக்கி வழியே பறந்துவிடும், அதற்கும் சேர்த்தே காசு கொடுத்திருப்பீர்கள்.

ஆவியாகும் பொருளின் விகிதம் புகையைத் தீர்மானிக்கும். 10 முதல் 20 சதவீதம் என்றால் சிறு நாக்கு, குறைந்த புகை. 30 சதவீதத்தைத் தாண்டினால் நீண்ட நாக்கும் கறுத்த புகையும் வரும். கிரேட்டுக்கு மேலிருந்து கூடுதல் காற்று விடவேண்டும், ஃபயர்மேன் ஒவ்வொரு முறையும் குறைவாகப் போட்டு அடிக்கடி போடவேண்டும்.

தாளில் யாரும் பார்க்காத வரி, சாம்பல் உருகும் வெப்பநிலை. அது சுமார் 1,250 டிகிரிக்குக் கீழே இருந்தால் சாம்பல் உருகி, கிரேட் மேல் கண்ணாடிப் பாறைபோலப் படியும். இதுதான் கிளிங்கர். காற்று அடைபடும், அழுத்தம் இறங்கும், கீழிருந்து குளிர்காற்று வராத கம்பிகள் வளைந்து உருகும். இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. சாம்பல் மிகக் குறைந்த, பெட்ரோலியக் கோக் கலந்த கட்டிகளை எரித்தால் கம்பிகளை மூடிக் காக்கும் சாம்பல் படுக்கையே உருவாகாது. கம்பிகள் நேரடியாகத் தணலில் கிடந்து தேயும்.

கிடைப்பும் முன்போல இல்லை. வேல்ஸின் ஃபோஸ்-இ-ஃப்ரான் திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டதும், பிரிட்டனின் பாரம்பரிய ரயில்கள் பக்கத்திலேயே கிடைத்த நல்ல நீராவி நிலக்கரியை இழந்தன. தாவரப் பொருளும் நிலக்கரித் தூளும் கலந்து அழுத்திய கட்டிகளை அங்கே சில பாதைகள் சோதித்து வருகின்றன. அவற்றை வாங்குமுன் இரண்டு சோதனை செய்யுங்கள். எரிபொருளும் நீரும் சுமந்து எஞ்சின் பின்னே வரும் டெண்டர் பெட்டியில் அரை நாள் குலுங்கிய பிறகு கட்டி உடைந்து தூளாகிறதா? ஒரு நாள் ஓட்டத்துக்குப் பின் ட்யூப் தகட்டின் வாயில் பறவைக்கூடுபோல ஏதாவது படிந்திருக்கிறதா? படிந்திருந்தால் அந்தக் கட்டியை விட்டுவிடுங்கள். அந்தப் படிவு ட்யூப் வாயை அடைத்து, ஏற்றத்தின் நடுவே நீராவியைக் கொன்றுவிடும்.

சோதனைக்குக் குறைந்தது 10 டன் வாங்குங்கள். ஒரு மூட்டை எரித்துப் பார்த்து ஒப்பந்தம் போடுவது வீண். மிகக் கடும் ஏற்றத்தில், முழு எடையோடு, முழு நாள் ஓடினால்தான் கிளிங்கர் முகத்தைக் காட்டும். சேமிப்பில் குவியலை 2.5 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். ஆவிப்பொருள் மிகுந்த நிலக்கரி உயரக் குவியலில் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். பழைய சரக்கின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள்.

தீப்பொறி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். 2018ல் கொலராடோவில் பரவிய 416 என்ற காட்டுத்தீக்கு டுராங்கோ-சில்வர்ட்டன் ரயிலின் நிலக்கரித் தணலே காரணம் என்று அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 2022ல் 2 கோடி டாலர் தருவதாக நிறுவனம் உடன்பட்டது. புகைபோக்கிக்குக் கீழுள்ள புகைப்பெட்டியில் பொறி தடுக்கும் வலை வைப்பது கட்டாயம்தான், ஆனால் வலை காற்று இழுப்பைக் குறைக்கும். வலை வைத்தபின் நீராவி குறைந்தால் வலையை எடுத்துவிடாமல், வேலை முடிந்த நீராவியைப் புகைபோக்கிக்குள் ஊதும் ஊதுமூக்கின் அளவையும் உயரத்தையும் திருத்துங்கள்.

4. விறகு

சுருக்கமாகச் சொன்னால், சிறிய எஞ்சினுக்கும் குறுகிய பாதைக்கும் மட்டும். 20 சதவீத ஈரமுள்ள விறகில் கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல், அதாவது நிலக்கரியில் பாதி. 1 டன் நிலக்கரி 1.25 கன மீட்டரில் அடங்கும். அதற்கு ஈடான 2 டன் விறகை அடுக்க 5 கன மீட்டர் வேண்டும். டெண்டர் கொள்ளாது, ஃபயர்மேனின் தோளும் தாங்காது. விறகின் தீப்பொறி இலேசானது, நெடுந்தூரம் பறக்கும். காட்டோரப் பாதையில் நிலக்கரிக்குப் பதில் விறகு என்பது நெருப்புக்குப் பயந்து நெருப்பிலேயே விழுவது.

5. எண்ணெய் என்றால் பர்னர் மட்டும் வாங்கினால் போதாது

பெரிய எஞ்சின்களும் மலைப்பாதைகளும் இந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம் உண்டு. தணல் கட்டி பறப்பதில்லை, சாம்பல் அள்ளும் வேலை இல்லை, ஏற்றத்தில் தீயை வால்வு திருகிக் கூட்டலாம். யூனியன் பசிபிக் தன் 4014 எண் 'பிக் பாய்' எஞ்சினை 2019ல் மீண்டும் ஓட்டியபோது எண்ணெய்க்கு மாற்றித்தான் ஓட்டியது. நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலைப் பணிமனை எண்ணெயில் எரியும் எக்ஸ் வகுப்பு எஞ்சின்களைப் புதிதாகவே கட்டியது. ஸ்விட்சர்லாந்தின் பிரியன்ஸ் ரோட்ஹார்ன் பாதையில் 1992 முதல் வந்த புதிய எஞ்சின்களும் இலகு எண்ணெயில் ஓடுபவையே.

மாற்றத்தில் என்னென்ன வரும் என்று பாருங்கள். கிரேட்டையும் சாம்பல் தட்டையும் கழற்றி, அந்த இடத்தில் காற்றுக் கதவு உள்ள எஃகுத் தொட்டி ஒன்றைப் பொருத்தவேண்டும். அதன் உட்புறம் முழுக்கத் தீச்செங்கல். அடிவளையத்தையும் ஸ்டேக்களின் கீழ் வரிசைகளையும் மறைக்குமளவு பக்கச் சுவர், பர்னருக்கு எதிரே தீ மோதித் திரும்பும் சுவர். அமெரிக்க வழக்கில் பர்னர் தொட்டியின் முன்பக்கம் இருந்து பின்னோக்கி அடிக்கும், எண்ணெயை நீராவி தட்டைத் தாரையாக்கிச் சிதறடிக்கும். உருவாகும் நீராவியில் சில சதவீதம் இதற்கே செலவாகும்.

பர்னரை நடுவிலும் மட்டமாகவும் உட்காரவைப்பதில் ஒரு முழு நாள் செலவிடுங்கள். சற்றே கீழ்நோக்கி இருந்தால் எண்ணெய் தரையில் பட்டுக் கரிப்பாறையாக வளரும்; ஒரு பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் பக்கத் தகடு வேகும். புதுச் செங்கலை உடனே முழுத் தீயில் வைக்காதீர்கள். இரண்டு நாள் மெதுவாகச் சூடேற்றி ஈரத்தை வெளியேற்றாவிட்டால் வெடித்து உதிரும், உதிர்ந்த துண்டு பர்னர் வாயில் போய் நிற்கும்.

டெண்டரில் எண்ணெய்த் தொட்டிக்கு உள்தடுப்புகள் வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது எண்ணெய் அலைமோதும். மேலே விரிவதற்கு 5 சதவீத இடம் விடுங்கள். வடிகட்டி இரண்டு, மாற்றி மாற்றிச் சுத்தம் செய்யும்படி. வாங்கும் பட்டியலில் எதை வெட்டினாலும் அவசர மூடுவால்வை வெட்டாதீர்கள். தொட்டியின் அடியிலேயே, ஸ்பிரிங்கால் தானே மூடிக்கொள்வதாக, எஞ்சினும் டெண்டரும் பிரிந்தால் கயிறு இழுபட்டு மூடுவதாக, கேபின் இரு பக்கத்திலிருந்தும் கைக்கு எட்டுவதாக அது இருக்கவேண்டும்.

கனமான எண்ணெய்க்குத் தொட்டியில் நீராவிச் சூடாக்கும் சுருள் தேவை. அந்தச் சுருளில் ஓட்டை விழுந்தால் எண்ணெயில் நீர் கலக்கும். தீ திடீரென்று அணையும், மறு நொடி எண்ணெய் திரும்ப வந்து சூடான செங்கலில் பற்றி, ஃபயர்பாக்ஸ் வாய் வழியே கேபினுக்குள் வெடிக்கும். சுருளின் வடிகுழாயில் எண்ணெய்ப் படலம் தெரிகிறதா என்று ஒவ்வொரு காலையும் பாருங்கள். கழிவு எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. நீர் அளவுச் சான்று இல்லாத லோடை இறக்காதீர்கள்.

தாவர எண்ணெயிலும் ஓட்டலாம். கிராண்ட் கேன்யன் ரயில்வேயின் 4960 எண் எஞ்சின் சமையலில் பயன்பட்டு மிஞ்சிய எண்ணெயில் ஓடியிருக்கிறது. தீப்பற்றும் வெப்பநிலை மிக உயரம் என்பதால் சேமிப்பு எளிது. குளிரில் உறையும், பழைய எண்ணெயின் அமிலம் செம்பு, பித்தளைப் பொருத்துகளை அரிக்கும், நாள்பட்டால் பிசினாகும். பயோடீசல் சாதாரண ரப்பர் குழாய்களை இளக்கிவிடும். எல்லா வாஷரையும் ஹோஸையும் மாற்றிய பிறகே ஊற்றுங்கள்.

6. எண்ணெயில் முதல் தீ

குளிர்ந்த எஞ்சினில் நீராவி இல்லை. நீராவி இல்லாமல் எண்ணெயைச் சிதறடிக்கவும் முடியாது, புகைபோக்கிக்குள் நீராவி ஊதும் பிளோயரால் காற்றை இழுக்கவும் முடியாது. ஆகவே வெளியிலிருந்து நீராவியோ அழுத்தக் காற்றோ வேண்டும். பெயின்ட் அடிக்கும் சிறு கம்ப்ரசர் இதற்குப் போதாது. கொட்டகையில் இந்த ஏற்பாடு இல்லாத குழு மாற்றத்தைத் தொடங்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

மூட்டும் வரிசை இது. முதலில் பிளோயரைத் திறந்து ஃபயர்பாக்ஸில் தங்கிய எண்ணெய் ஆவியை வெளியேற்றுங்கள். பிறகு சிதறடிக்கும் நீராவி அல்லது காற்று. பிறகு எரியும் துணிப்பந்தைப் பர்னருக்கு முன்னே எறிந்து, அது எரிவதைக் கண்ணால் பார்த்தபின்தான் எண்ணெய் வால்வு. பற்றாவிட்டால் எண்ணெயை மூடி, மறுபடி முதலிலிருந்து. தீ அணைந்தபின் சூடான செங்கலிலேயே பற்றிக்கொள்ளட்டும் என்று எண்ணெயை ஒருபோதும் திறக்கக்கூடாது.

புகைபோக்கியைப் பார்த்தே ஓட்டவேண்டும். மெல்லிய சாம்பல்நிறப் புகை சரியான தீ. கறுப்பு என்றால் எண்ணெய் மிகை. ஒன்றுமே தெரியவில்லை என்றால் காற்று மிகை. குளிர்காற்று ட்யூப் வாய்களைச் சுருக்கிக் கசிய வைக்கும். வெள்ளைப் புகை வந்தால் எரியாத எண்ணெய் ஆவி போகிறது, உடனே எண்ணெயை மூடுங்கள். டிரைவர், சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை மூடுமுன் ஃபயர்மேனிடம் சொல்லவேண்டும். சொல்லாமல் மூடினால் இழுப்பு நின்று தீ கேபினுக்குள் வரும். இந்த ஒத்திசைவைப் பழக்க முடியாத இருவரை ஒரே எஞ்சினில் போடாதீர்கள்.

ட்யூபில் படியும் கரியை நீக்க, எஞ்சின் கடினமாக உழைக்கும்போது ஒரு கரண்டி உலர்ந்த மணலை ஃபயர்பாக்ஸ் வாயில் இடுவார்கள். இழுப்பு அதை ட்யூப் வழியே கொண்டுபோய்த் தேய்க்கும். கறுப்புப் புழுதி கக்கும், ஆட்கள் நிற்கும் இடத்தில் வேண்டாம்.

எண்ணெயின் மிகப் பெரிய ஆசைகாட்டல் வேகம். வால்வைத் திருகினால் மூன்று மணி நேரத்தில் அழுத்தம் வந்துவிடும். பாய்லரின் மேற்பகுதி கொதிக்கும்போது அடிப்பகுதி இன்னும் கைதொடும் சூட்டில் இருக்கும். அந்த வேறுபாடுதான் ஸ்டே போல்ட்டை உடைக்கிறது, அடிவளையத்தைக் கசியவைக்கிறது. குளிர்ந்த பாய்லருக்குக் குறைந்தது 8 முதல் 12 மணி நேரம் கொடுங்கள், பெரிய பாய்லருக்கு ஒரு முழு நாள். இரவில் அணைத்ததும் காற்றுக் கதவுகளை மூடி, புகைபோக்கிக்கும் மூடி போடுங்கள்.

7. அழுத்தக் காற்று: கொட்டகை முன்னே ஓட்டிக் காட்ட

பாய்லர் தேறாத எஞ்சினுக்கும், ஆண்டில் சில நாள் நூறு மீட்டர் ஓடிக் காட்டினால் போதும் என்பவர்களுக்கும் இதுவே சரியான வழி. ஜப்பானின் மோகா நிலையத்தில் டி51 146 எஞ்சின் இப்படித்தான் ஓடுகிறது.

கம்ப்ரசரைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். 400 மில்லிமீட்டர் விட்டமும் 600 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் உள்ள இரண்டு சிலிண்டர்கள், 1.2 மீட்டர் சக்கரம் என்று கொள்வோம். 75 சதவீத கட்-ஆஃபில், அதாவது பிஸ்டன் ஓட்டத்தில் 75 சதவீதம் வரை காற்று விட்டால், சக்கரம் ஒரு சுற்றுக்கு 0.23 கன மீட்டர் கொள்ளும். 2 பாரில் அது சாதாரணக் காற்றாக 0.68 கன மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 22 சுற்று, ஆக நிமிடத்துக்கு 15 கன மீட்டர். இதைத் தொடர்ந்து தரும் கம்ப்ரசர் பெரியது. சிறியதை வைத்துத் தனிக் காற்றுத் தொட்டியில் சேர்த்து, ஓடி, நின்று, மறுபடி நிரப்புவதே நடைமுறை.

தனித் தொட்டி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பாய்லரையே காற்றுத் தொட்டியாக்க நினைக்காதீர்கள். சான்று இல்லாத பாய்லரில் காற்று அடைத்தால், தகடு கிழியும்போது அத்தனை ஆற்றலும் ஒரே நொடியில் வெளிப்படும். சான்றுள்ள தொட்டியிலிருந்து நேராக, சிலிண்டருக்கு நீராவி போகும் நீராவிப் பெட்டிக்குக் குழாய் போடுங்கள், இடையில் சேஃப்டி வால்வோடு.

நீராவியில் வேலை செய்யும் சில உறுப்புகள் காற்றில் செய்யாது. நீராவி குளிர்ந்து நீராவதை நம்பி இயங்கும் லூப்ரிகேட்டர் சும்மா இருக்கும். மெக்கானிக்கல் லூப்ரிகேட்டர் பொருத்தி, இளகிய எண்ணெய் ஊற்றுங்கள். நீராவிச் சிலிண்டர் எண்ணெய் குளிரில் பசையாக நிற்கும். விரியும் காற்று குளிர்வதால் ஈரம் வெளியேறும் வாயில் பனியாக உறையும், ஆகவே உலர்த்தி தேவை. பிரேக்கைக் கடைசிச் சொட்டுக் காற்றை நம்பி வைக்காதீர்கள். ஓட்டும் காற்று தீர்ந்தாலும் பிரேக்குக்கு என்று தனிச் சேமிப்பு மிஞ்சவேண்டும்.

8. மின்சாரமும், பின்னாலிருந்து தள்ளும் டீசலும்

பாய்லரில் ஹீட்டர் வைத்து பேட்டரியில் ஓட்டலாமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். ஒரு கிலோ நீரை 10 பார் நீராவியாக்க 0.75 கிலோவாட்-மணி வேண்டும். மணிக்கு 3,000 கிலோவுக்கு 2,250 கிலோவாட்-மணி. அதில் சிலிண்டர் வேலையாகத் திருப்பித் தருவது 200 மட்டுமே. இரண்டாம் உலகப் போரின்போது நிலக்கரித் தட்டுப்பாட்டில் ஸ்விஸ் ரயில்வே பெட்டிகளை இடம் மாற்றும் இரண்டு சிறு ஷன்டிங் எஞ்சின்களுக்கு மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து நீரைக் காய்ச்சியது. மலைமின்சாரம் கொட்டிக்கிடந்த நாட்டில், யார்டுக்குள் அது செல்லும்.

மின்சாரம் உண்மையில் உதவும் இடம் முன்சூடு. முதல் படியில் சொன்ன 4 கிகாஜூல் என்பது 1,100 கிலோவாட்-மணி. 100 கிலோவாட் சூடாக்கி ஓர் இரவில் ஏற்றிவிடும். நீரைப் பம்பு வைத்துச் சுழற்றினால் மேலும் கீழும் சீராகச் சூடாகும், பாய்லரின் ஆயுளும் நீளும்.

டீசல் எஞ்சின் பின்னால் தள்ள, நீராவி எஞ்சின் முன்னே அழகுக்கு ஓடும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை. தீ இல்லாமல் உருளும் எஞ்சினின் பிஸ்டன்கள் புகைப்பெட்டியின் சாம்பலைச் சிலிண்டருக்குள் உறிஞ்சும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஊதுமூக்கை மூடி, வடிகால் வால்வுகளைத் திறந்து வைத்து, சிலிண்டருக்கு எண்ணெய் போய்க்கொண்டே இருக்கச் செய்யுங்கள்.

9. ஆவணங்கள்: எது முதலில்

காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் முதலில். பாய்லர் ஆய்வாளர் சரி சொன்ன மாற்றத்தைக் காப்பீட்டாளர் மறுத்து, அறுத்த எஃகோடு நிற்கும் நிலை வரக்கூடாது. அடுத்து மாற்ற வரைபடமும் கணக்கும் ஆய்வாளரிடம். அதோடு அச்சு எடைத் தாளும் வேண்டும்; செங்கலும் எண்ணெய்த் தொட்டியும் எடையை இடம் மாற்றும், பாலங்களின் அனுமதி அந்தத் தாளை வைத்துத்தான்.

அதே வாரத்தில் எரிபொருள் சேமிப்பு உரிமத்துக்கும் விண்ணப்பியுங்கள், பெரும்பாலும் கடைசியில் வந்து சேர்வது அதுதான். தரைத் தொட்டியைச் சுற்றி அதன் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்கும் தடுப்புச் சுவர் பொதுவாகக் கேட்கப்படும். தீயணைப்புத் திட்டம், புகை விதிகளுக்கான அனுமதி, எண்ணெய்த் தீயில் பயிற்சி பெற்ற ஊழியர் பட்டியல், லோடுதோறும் ஆய்வுச் சான்று தரவேண்டும் என்ற விதியோடு எரிபொருள் ஒப்பந்தம் ஆகியவை சேர்ந்தால் கோப்பு முழுமை. நிலக்கரியில் பழகியவரின் சான்று எண்ணெய்க்குச் செல்லாது என்று கொள்ளுங்கள்.

10. செலவுத் தாள்

ஒருமுறைச் செலவில் பர்னர் சிறு பகுதிதான். டெண்டர் தொட்டி, தரைத் தொட்டி, தடுப்புச் சுவர், மூட்டும் கம்ப்ரசர் ஆகியவையே பெரும்பகுதி. விலைப்புள்ளி கேட்கும்போது இந்த நான்கையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். "எண்ணெய் மாற்றம், மொத்தம்" என்று வரும் விலைப்புள்ளியில் இவற்றில் ஒன்றாவது விடுபட்டிருக்கும்.

ஓட்டச் செலவுக்கு எளிய அளவுகோல் ஒன்று. எண்ணெய் ஆவியாக்கும் 10.5 கிலோ நீரை நிலக்கரியின் 6.5ஆல் வகுத்தால் 1.6. எண்ணெயின் டன் விலை நிலக்கரியின் டன் விலையைப்போல 1.6 மடங்கைத் தாண்டினால் எரிபொருளில் லாபம் இல்லை. சாம்பல் அகற்றும் கூலி, புகைப்பெட்டி சுத்தம் செய்யும் நேரம், காட்டுத்தீக் காப்பீட்டின் தவணை ஆகியவற்றை நிலக்கரிப் பக்கமும், செங்கல் பழுதை எண்ணெய்ப் பக்கமும் கூட்டுங்கள். தீ அபாயம் உள்ள பாதையில் காப்பீட்டுத் தவணை ஒன்றே கணக்கைப் புரட்டிவிடும்.

விலை திரும்பவும் மாறும். வேல்ஸின் ஃபெஸ்டினியாக் ரயில்வே 1970களில் எண்ணெய்க்கு மாறி, எண்ணெய் விலை ஏறிய பிறகு நிலக்கரிக்கே திரும்பியது. கழற்றிய கிரேட், சாம்பல் தட்டு, காற்றுக் கதவுகள் எல்லாவற்றுக்கும் எண் பொறித்த தகடு கட்டி, எண்ணெய் பூசி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பழைய இரும்புக்கு எடைபோட்டுக் கொடுக்காதீர்கள்.

11. காலக் கணக்கு

பாய்லர் திறந்திருக்கும்போதே தடிமன் அளவு, முடிவு, ஒப்புதல் மூன்றும் முடியவேண்டும். தொட்டியும் பர்னரும் தயாராகும் வேளையில் உரிமம் வந்துகொண்டிருக்கும். செங்கல் கட்டியபின் உலர்த்த இரண்டு நாள், பிறகு நின்ற இடத்திலேயே மெதுவான முதல் சூடு, பாய்லரை ஆறவிட்டு உள்ளே இறங்கி ஸ்டே, ட்யூப், அடிவளையம் பார்ப்பது. கசிவு இல்லாவிட்டால் தனி எஞ்சினாக ஓட்டம், அதன்பின் முழு எடையோடு. ஒவ்வொன்றுக்கும் இடையே பாய்லர் முழுதாகச் சூடு ஆறுவதற்கு இடம் விடுங்கள். பருவத்தின் முதல் பயணிகள் வண்டிக்கு முந்திய வாரத்தில் இதையெல்லாம் திணிக்கும் குழுக்கள்தான் ஆறுவதற்கு முன்பே அடுத்த தீயை மூட்டுகின்றன. முழு எடைச் சோதனைக்கும் பயணிகள் வண்டிக்கும் நடுவே குறைந்தது ஒரு மாதம் வையுங்கள். ட்யூப் கசிந்தால் மறுபடி விரித்து அடைக்கவும், பர்னர் கோணத்தைத் திருத்தவும் அந்த மாதம் தேவைப்படும்.